“வீட்ல ஆள் இருக்கில்ல?”

டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் கொடுக்கும்போது கேட்பார்கள்: “வீட்ல பாத்துக்க ஆள் இருக்கில்ல?” இருக்கிறது. நான்தான் அந்த ஆள்.

பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன அம்மாவுக்கு மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்ற நர்ஸ் சொல்லிக்கொடுத்தது ஐந்து நிமிஷம். அதுவும் அடுத்த பெட்டைப் பார்த்துக்கொண்டே. குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும். தலையை உயர்த்தி வைத்து மெதுவாக ஊற்ற வேண்டும். ஊற்றிய உடனே படுக்க வைக்கக் கூடாது, கஞ்சி நுரையீரலுக்குப் போய்விடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் போடாவிட்டால் முதுகில் படுக்கைப்புண். நர்சிங் பிள்ளைகள் நாலு வருஷம் படிக்கிற வேலை இது. எனக்கு மகள் என்பதே படிப்பு.

அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து கை கால் பயிற்சி கொடுக்கிறார்கள், குறை சொல்லக் கூடாது. அவர்கள் போன பிறகு மிச்சமிருக்கும் நேரம்தான் தலைவலி.

ஆபீசில் லீவு கேட்டுப் பாருங்கள். பிள்ளை பெற்றால் தமிழக அரசு ஊழியருக்கு 12 மாதம். மத்திய அரசில் பிள்ளை வளர்க்கவே 730 நாள். கொடுக்கட்டும், வேண்டாம் என்றா சொல்கிறேன்? பெற்றவளைப் பார்க்க என்ன உண்டு? 2025-இல் நாடாளுமன்றத்தில் இந்தக் கேள்வி வந்தபோது, ஈட்டிய விடுப்பு 30, அரைச் சம்பள விடுப்பு 20, தற்செயல் விடுப்பு 8 எல்லாம் இருக்கிறதே, அதில் எடுத்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. ஏற்கெனவே ஊழியருக்கு உள்ள லீவுதானே ஐயா அது! கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை. தனியாரில் இருப்பவர்கள் பாடு இன்னும் மோசம்.

2007-ஆம் வருஷச் சட்டப்படி, வயசான பெற்றோரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை. சரி, கைவிடாமல் வைத்திருப்பவளுக்கு அந்தச் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறதா? தமிழ்நாட்டில் 60 வயது தாண்டியவர்கள் 2021-இல் நூற்றுக்கு 13.6, 2031-இல் 18.2 ஆகிவிடும் என்று அரசே கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. வீட்டுக்கு ஒன்று, இரண்டு பிள்ளை போதும் என்று சொன்னதும் அதே அரசுதான். அந்த ஒன்றும் வெளியூருக்குப் போய்விட்டால் கஞ்சி ஊற்றுவது யார்?

ஆள் போடலாமே என்பார்கள். ஏஜென்சியில் அனுப்பிய பெண் அம்மாவைத் தூக்கவே பயந்தாள். சம்பளம் வாங்கிக்கொண்டு ஊர்த் திருவிழாவுக்குப் போனவள் திரும்பவில்லை. அவளைச் சொல்லி என்ன, அவளுக்கும் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

டல்லாஸில் இருக்கும் தம்பி ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வருவான். “அம்மா இளைச்ச மாதிரி இருக்காங்களே, சரியா குடுக்கறியாக்கா?” அப்புறம் ஒரு அக்கறை: “நீயும் உடம்பைப் பாத்துக்கோ. காலையில கொஞ்சம் யோகா பண்ணு.” எப்போதடா பண்ணுவது? இரண்டு மணிக்குப் புரட்டிப் போட்ட பிறகா, நாலு மணிக்குப் புரட்டுவதற்கு முன்னாலா?