இந்த ஈரத்துக்கு எந்த அலமாரி தாங்கும்?

எங்கள் ஊரில் ஒரு வீட்டுச் சமையலறை அலமாரிக்கு எத்தனை வயது என்று தெரிந்துகொள்ள பில்லைத் தேட வேண்டாம். சிங்குக்குக் கீழே உள்ள கதவின் அடிவிளிம்பைத் தடவிப் பார்த்தால் போதும். ஒரு மழைக்காலம் தாண்டியிருந்தால் ஓரத்துப் பட்டை பிரிந்து நிற்கும். இரண்டு தாண்டியிருந்தால் பலகை பாலில் போட்ட ரஸ்க் போல உப்பி, கதவு மூடாமல் முட்டும். மூன்றாவது மழைக்குள் கீல் துருவேறி, ஸ்க்ரூவுக்குப் பிடிமானம் போய், ஒருநாள் காலையில் கதவு கையோடு வந்துவிடும். டெய்ரி ஃபார்ம் பகுதியில் என் அண்ணி வீட்டில் அப்படித்தான் ஆயிற்று. கடனை அடைத்து முடிக்கும் முன்பே அலமாரி முடிந்துவிட்டது.

2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய பிறகும் நாங்கள் போர்ட் பிளேயர் என்றே சொல்லும் இந்த ஊரின் சுபாவம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மே மாதமே தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். அது ஓய்வதற்குள் வடகிழக்கு பிடித்துக்கொள்ளும். வருஷத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. சென்னையைப் போல இரண்டு மடங்கு. மழை இல்லாத நாளிலும் காற்றில் ஈரம் குறையாது, அந்த ஈரத்தில் கடல் உப்பும் கலந்திருக்கும். காலையில் பிரித்த உப்புப் பாக்கெட் ராத்திரிக்குள் கசிந்துவிடும். இப்படிப்பட்ட ஊரில் கடை போட்டிருக்கிறவர்கள், ஏசி ஓடுகிற ஷோரூமில் பளபளக்கும் கதவைத் திறந்து காட்டி, "லேட்டஸ்ட் மாடல் அக்கா, மெயின்லேண்டில் எல்லாரும் இதுதான் போடுறாங்க" என்கிறார்கள். மெயின்லேண்டில் எல்லாரும் போடுவது எங்களுக்கு எதற்கு?

"உள்ளே என்ன பலகை?" என்று கேட்டால் பதில் வராது. நிறம் சொல்வார்கள், கைப்பிடியின் அழகைச் சொல்வார்கள், ஒரு விரலால் தள்ளினால் தானாக மூடும் டிராயரைக் காட்டுவார்கள். பலகை மட்டும் லேமினேட்டுக்குள் ஒளிந்திருக்கும். பெரும்பாலும் அது பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூளையும் செதிலையும் பசை போட்டு அழுத்திய பலகை. இல்லையென்றால் மர நாரைப் பசையோடு அழுத்திய எம்.டி.எஃப். வறண்ட ஊரில், படுக்கையறை அலமாரிக்கு இவை சரிதான். சிங்குக்கும் தண்ணீர் டிரம்முக்கும் பக்கத்தில், இந்தத் தீவில், இவற்றை விற்பது அநியாயம்.

பிளைவுட் என்று கேட்டு வாங்கினாலும் தப்ப முடிவதில்லை. எம்.ஆர். என்று ஒரு ரகம் உண்டு. ஈரம் தாங்கும் என்று பெயர். அதில் வழக்கமாகப் போடுவது யூரியா பசை, தொடர்ந்து நனைந்தால் அது விட்டுவிடும். மரைன் பிளை என்கிற ஐ.எஸ். 710 ரகத்தில் ஃபீனால் பசை. 72 மணி நேரம் கொதிக்கும் தண்ணீரில் போட்டும் அடுக்கு பிரியாமல் இருக்க வேண்டும் என்பது அதற்கான சோதனை. இந்த எண் பலகையிலேயே முத்திரையாக இருக்கும். ஆனால் பெட்டியாக அடித்து, லேமினேட் ஒட்டி, கப்பலில் ஏற்றி வந்த பிறகு அந்த முத்திரையை யார் பார்க்க முடியும்? அறுத்த ஓரம் எல்லாவற்றையும் அடைத்து மூட வேண்டும் என்பதும் பலர் வீட்டில் நடப்பதில்லை. தண்ணீர் நுழைவது அந்த ஓரத்தில்தான்.

ஸ்டீல் போட்டால் தொல்லை இல்லை என்பார்கள். எந்த ஸ்டீல் என்பதைப் பொறுத்தது அது. 304-இல் நிக்கல் குறைந்தது 8 சதவீதம் இருக்கும். 202-இல் அதில் சுமார் பாதிதான், மீதிக்கு மாங்கனீஸ். கடையில் இரண்டும் ஒரே மாதிரி மின்னும். காந்தத்தை வைத்துப் பார், ஒட்டாவிட்டால் நல்லது என்று யோசனை சொல்கிறவர்கள் உண்டு. இரண்டிலுமே காந்தம் சரியாக ஒட்டாது. எங்கள் கடல்காற்றில் சில மாதத்தில் புள்ளி புள்ளியாகப் பழுப்பு ஏறும்போதுதான் எது என்று தெரியும். அப்போது கேட்டால், "நீங்கள் துடைக்கவில்லை" என்பார்கள்.

எனக்கு நெஞ்சு பொறுக்காத விஷயம் இன்னொன்று. இங்கே சாத்தம் மர ஆலை 1883-இல் தொடங்கியது. படாக் மரமும் குர்ஜன் மரமும் இந்தத் தீவுக் காட்டிலிருந்து எத்தனை கப்பல் போயிருக்கும்! குர்ஜன் பிளைவுட்டுக்கும் ரயில் கட்டைக்கும் போயிற்று. 2002 மே 7-இல் உச்ச நீதிமன்றம், சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையை வைத்து, இயற்கைக் காட்டில் வியாபாரத்துக்கு மரம் வெட்டுவதை நிறுத்தியது. அது சரியான தீர்ப்பு. காட்டை வெட்டுங்கள் என்று நான் கேட்கவே மாட்டேன். காடு போனால் எங்களுக்குக் குடிதண்ணீரும் இல்லை. ஆனால் நூறு வருஷத்துக்கு மேல் நல்ல மரத்தை அனுப்பிய தீவுக்குத் திரும்பி வருவது தூள் பலகையாகவா இருக்க வேண்டும்? அதையும் 1,200 கிலோமீட்டர் கடல் தாண்டி, கப்பல் கூலி சேர்த்து, மெயின்லேண்டைவிடக் கூடுதல் விலைக்கு வாங்குகிறோம். கீல் ஒன்று உடைந்தால் அடுத்த சரக்கு வரும்வரை கதவைக் கயிறு போட்டுக் கட்டி வைக்க வேண்டும்.

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடி இணையக் கேபிள் வந்தது. போனில் எல்லா அலமாரியும் தெரிகிறது. பிடித்ததை அழுத்தி 744 என்று பின்கோடைத் தொடங்கினால், பெரிய பொருள் பலவற்றுக்கு "இந்தப் பகுதிக்கு டெலிவரி இல்லை" என்று வந்து நிற்கும்.

பலகையை விடுங்கள், அமைப்பாவது நம் சமையலைப் பார்த்துச் செய்ததா? ஸ்பூன், ஃபோர்க், கத்திக்குத் தனித்தனிக் குழி வைத்த டிராயர் இருக்கும். அரிவாள்மணைக்கு இடம் இருக்காது. மீன் வாங்காத நாளே குறைவான வீட்டில், அந்த அரிவாள்மணை கதவுக்குப் பின்னால் தரையில் கிடக்கும், குழந்தை காலில் படும் இடத்தில். கிரைண்டரைக் கண்ணுக்குத் தெரியாத மூலையில் வைக்கச் சொல்வார்கள்; அதைத் தூக்கி எடுக்க ஆள் வேண்டும். இட்லிக் குண்டானின் வாய் எந்தத் தட்டிலும் நுழையாது. உரித்த தேங்காயை அந்த மூடிய அலமாரிக்குள் காற்றுப்படாமல் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

எல்லாவற்றையும்விடத் தண்ணீர். எங்களுக்குத் தண்ணீர் தரும் தனிக்காரி அணை வற்றும் கோடையில் குழாய் தினமும் வராது. ஒருநாள் விட்டு ஒருநாள் என்று தொடங்கி மூன்று நாளுக்கு ஒருமுறை என்று ஆகும். டிரம்மும் குடமும் இல்லாமல் இங்கே யாரும் சமைக்க முடியாது. எனக்குக் காட்டிய எந்தப் படத்திலும் ஒரு குடம்கூட இல்லை.

ஊரைப் பார்த்துச் சமையலறை செய்வது முடியாத காரியமல்ல. 1926-இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஒரு சின்னச் சமையலறையை வடிவமைத்தார். இன்றைய மாடுலர் கிச்சனுக்கெல்லாம் மூத்தது அது. மாவு வைக்கும் இழுப்பறைக்கு மட்டும் ஓக் மரம் போட்டார், மாவுப்புழு அண்டக் கூடாது என்று. அந்த ஊரில் எந்தப் பூச்சி வரும், எந்தப் பொருளை எத்தனை தடவை எடுப்பார்கள் என்று பார்த்துப் பார்த்துச் செய்தார். அவர் வழியில் வந்ததாகச் சொல்லி விற்கிறவர்கள் அந்த அக்கறையை மட்டும் விட்டுவிட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இது நிலநடுக்க வரைபடத்தில் ஆபத்து மிகுந்த மண்டலம் என்று பள்ளிப் பிள்ளைகளும் படிக்கிற ஊர். 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணிக்கு நிலம் குலுங்கியபோது எங்கள் வீட்டுப் பரணில் இருந்த பித்தளை அண்டா நான் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. தலைக்கு மேல் கண்ணாடிக் கதவுப் பெட்டி, அதற்குள் பீங்கான் தட்டு, பிடிப்புக்கு நாலு ஸ்க்ரூ என்று இன்றும் மாட்டிவிட்டுப் போகிறார்கள். கதவுக்குக் கொக்கி வையுங்கள் என்று சொன்னால், அழகு கெடும் என்கிறார்கள்.

என்னைக் கேட்டால், கனமானது எதுவும் இடுப்புக்கு மேலே போகக் கூடாது. அடுப்பு மேடைக்குக் கீழே கடப்பைக்கல் தட்டுகள், சுவரோடு சேர்த்துப் பூசியவை. கதவு வேண்டாம், காற்று போகட்டும். அது உப்பாது, கரையான் அரிக்காது, கரப்பான் ஒளிந்தால் கண்ணுக்குத் தெரியும். சிங்குக்குக் கீழே எந்தப் பலகையும் வேண்டாம், அந்த இடம் குடத்துக்கு. கதவு வேண்டும் என்றே ஆசைப்பட்டால் முத்திரையைக் கண்ணால் பார்த்த மரைன் பிளையை வாங்கி, உள்ளூர் மிஸ்திரியை வீட்டிலேயே அறுத்து அடிக்கச் சொல்லுங்கள். செய்யும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

கடை வைத்திருக்கும் அண்ணன்மார்களிடம் கேட்பது ஒன்றுதான். பில்லில் "கிச்சன் செட்" என்று மொத்தமாக எழுதாதீர்கள். பலகையின் ஐ.எஸ். எண், ஸ்டீலின் ரகம், கீலுக்கு எத்தனை வருஷப் பொறுப்பு என்று தனித்தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். வாங்குகிறவர்களும் அந்தத் தாள் கைக்கு வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.