மூக்கும் மார்பும் வேறு வேறா?

"எனக்குச் சைனஸ் இருக்கிறது" என்று யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். சைனஸ் இல்லாதவர் யார்? மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளுக்குள் நான்கு இணைகளாக அமைந்த காற்றறைகளுக்குத்தான் அந்தப் பெயர். அவற்றின் உட்சவ்வு வீங்கிச் சளி தேங்கும்போதுதான் அது நோய். பீனிசம் என்பது அதற்கு நம்மிடையே வழங்கும் பழைய பெயர்.

இந்த மூக்குத் தொல்லைகளை வெறும் சளி என்று ஒதுக்கிவிடுகிறோம். மார்பில் இழுப்பு வந்தால் மட்டும் பதறுகிறோம். மூக்குக்கு ஒரு மருத்துவர், மார்புக்கு வேறொருவர். ஒருவர் எழுதிய சீட்டை மற்றவர் பல சமயம் பார்ப்பதே இல்லை. இப்படிப் பிரித்துப் பார்ப்பது சரியல்ல என்பதே என் கருத்து.

1819-ஆம் ஆண்டில் ஜான் பாஸ்டாக் என்ற ஆங்கில மருத்துவர் லண்டனில் மருத்துவர்கள் கூடிய சபையில் ஒரு கட்டுரை படித்தார். அதில் வரும் நோயாளி அவரேதான்! சிறு வயது முதல் ஒவ்வொரு கோடையிலும் கண் அரிப்பு, அடுக்குத் தும்மல், பின்பு மார்பு இறுக்கம், மூச்சுத் திணறல். மகரந்தத்தால் வரும் ஒவ்வாமையைத் தெளிவாக வருணித்த முதல் கட்டுரைகளுள் இதுவும் ஒன்று. காரணம் மகரந்தம் என்பது அவருக்குத் தெரியாது. ஆயினும் மூக்கையும் மார்பையும் அவர் பிரிக்கவில்லை, பின்வந்தவர்கள்தாம் பிரித்தார்கள்.

உடலின் அமைப்பும் அவர் பக்கமே. மூக்கினுள் காணப்படும், நுண்ணிழைகள் கொண்ட அதே வகைச் சளிச்சவ்வுதான் மூச்சுக்குழல்களிலும் இருக்கிறது. வேறுபாடு ஒன்று உண்டு. மூக்கில் இரத்தக் குழாய்கள் விரிந்து சவ்வு வீங்குவதால் அடைப்பு வருகிறது. மூச்சுக்குழலிலோ சுற்றியுள்ள தசையும் சுருங்கி வழியை இறுக்குகிறது. அதனால்தான் ஒன்று தொல்லையாகவும் மற்றொன்று ஆபத்தாகவும் தோன்றுகிறது.

மூக்கு காற்றை வடிகட்டி, சூடாக்கி, ஈரமாக்கி உள்ளே அனுப்புகிறது. அடைபட்டால் வாயால் மூச்சு விடுகிறோம். வறண்ட காற்று நேரே உள்ளே போகிறது. 1978-இல் வெளியான ஓர் ஆய்வில், ஓடினால் இழுப்பு வரும் இளைஞர்களை மூக்கால் மட்டும் மூச்சுவிட்டு உடற்பயிற்சி செய்யச் சொன்னார்கள். இழுப்பு வெகுவாகக் குறைந்தது!

இதைவிட வியப்பான சோதனை 2000-ஆம் ஆண்டில் நெதர்லாந்தில் நடந்தது. ஆஸ்துமா இல்லாமல் மூக்கு ஒவ்வாமை மட்டும் உள்ளவர்களின் நுரையீரல் குழாயில் ஒவ்வாப் பொருளைச் சிறிதளவு இட்டார்கள். ஒரு நாள் கழித்துப் பார்த்தபோது மூக்கிலும் அழற்சி தோன்றியிருந்தது. மூக்கில் எதையும் இடவில்லை. இரத்தத்தின் வழியே செய்தி போயிருக்க வேண்டும் அல்லவா? ஆஸ்துமா உள்ளவர்களுள் பெரும்பாலோருக்கு மூக்கு அழற்சியும் இருப்பதில் இனி வியப்பில்லை. (தும்முகிறவர்களுக்கெல்லாம் ஆஸ்துமா வரும் என்று இதற்குப் பொருளல்ல; வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், அவ்வளவே.)

"அப்படியானால் மூக்குக்கு மருந்திட்டால் ஆஸ்துமா அடங்க வேண்டுமே?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. 2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் பெரியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் 24 வாரம் மூக்கில் ஸ்டீராய்டு மருந்து தெளித்துப் பார்த்தார்கள். மூக்குத் தொல்லை சற்றுக் குறைந்தவர்களுக்கும் ஆஸ்துமா மட்டும் கட்டுக்குள் வரவில்லை. என் கருத்தை இது குலைப்பதாக நான் நினைக்கவில்லை. ஒரே நெருப்பு இரண்டு அறைகளில் எரியும்போது ஓர் அறையில் மட்டும் நீர் ஊற்றினால் மற்றது அணையுமா? மூக்கு மருந்தை நம்பி இன்ஹேலரை நிறுத்துவது பெருந்தவறு என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

கேட்காமல் விடுவதால் வரும் ஆபத்துக்கு ஒரு சான்று. மூக்கினுள் சதை வளர்ச்சியும் ஆஸ்துமாவும் சேர்ந்துள்ள பெரியவர்களுள் சிலருக்கு ஒரே ஓர் ஆஸ்பிரின் மாத்திரை கடும் இழுப்பை உண்டாக்கிவிடும். 1922-லேயே பிரெஞ்சு மருத்துவர் விடால் இதைக் குறித்து எழுதினார். தலைவலிக்கு மாத்திரை கேட்டு வரும் ஆஸ்துமாக்காரரிடம் மூக்கைப் பற்றி எத்தனை பேர் விசாரிக்கிறார்கள்?