பொதியிலும் போதியும்

அகத்தியர் எழுந்தருளிய தென்மலையின் பெயராகிய பொதியில் என்பது 'போதி இல்' என்பதன் திரிபென்றும், ஆகலின் அம்மலை முதற்கண் பௌத்தரதே என்றும் சிலர் எழுதி வருகின்றனர். அவலோகிதேசுவரர்க்குரிய போதலகம் பொதிகையே என ஜப்பானிய அறிஞர் ஷூ ஹிகோசாகா சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் நாட்ட முயன்றமை இவர்க்குப் பெருந்துணையாயிற்று.

இவர் முதலாவது காட்டுவது 7ஆம் நூற்றாண்டுச் சீன யாத்திரிகர் யுவான் சுவாங்கின் குறிப்பு. அவரோ மலயமலையை ஒன்றாகவும், அதன் கிழக்கே போதலகத்தை மற்றொன்றாகவும் வைத்தெழுதினார். மலயமென்பது பொதியிலே என்பது நூல்வழக்கு. இரண்டென்றவரை ஒன்றென்பதற்குச் சான்று கூட்டுவது என்ன முறையோ! அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டாரெனும் வீரசோழியமோ 11ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் இயற்றியது. தம் சமயத்தார் ஒருவர் தம் தெய்வத்துக்கு ஏற்றங் கூறியது, ஆயிரமாண்டு முற்பட்ட மலைப்பெயர்க்குப் பிறப்புரைக்க வல்லதன்று.

இனிச் சொல்லையே நோக்குக. பட்டினப்பாலையிற் பொதியில் மலைப்பெயரன்று, ஊர்ப் பொதுமன்றம். மகளிர் நீராடி அந்தி விளக்கேற்ற, வழிவந்த புதியோர் தங்கித் தொழும் இடம் அது. ஆண்டு நிற்பது தெய்வமுறையும் கந்து. அக்கந்தினைச் சிவலிங்கமென்றே சாதிப்பார் நம்மவருள்ளும் உளர்; அது மிகை. ஆயினும் அது போதிமரம் அன்றென்பது வெளிப்படை. பொது இல்லே பொதியில். தில்லைப் பொதுவினை வழுத்துவார்க்கு இச்சொல்லின் உறவு விளக்க வேண்டுவதின்று. புறநானூற்றில் ஆய் அண்டிரன் மலையாகப் பாடப்படுவதும் இப்பெயராலேயே.

தென்னாட்டிற் பௌத்தர் வாழ்ந்ததனை எவரும் மறுத்திலர். மணிமேகலை நம் கையகத்தது. அந்நூல்தானும் மலயத்து அருந்தவனைக் கூறுமிடத்து அவனைப் பௌத்தனாக்க முயன்றிலது. இன்றையோர்க்கு அவ்வடக்கம் இல்லை.

மற்றொரு சாரார் வழக்கு வேறு. 1,868 மீட்டர் உயர்ந்த அச்சிகரம் கேரள எல்லையுள் நிற்க, தாமிரபரணி கிழக்குச் சரிவிற்றோன்றிப் பாவநாசம் வழி நெல்லைச் சீமைக்கு இழிகின்றது. அதனால் 'அகஸ்தியார்கூடம்' எனும் மலையாளப் பெயரைக் கேட்டமட்டில் சிலர் சினக்கின்றனர். அப்பெயரின் 'ஆர்' விகுதி முனிவர்க்குத் தமிழ் தந்த மரியாதையே. மலையாளத்தார் அதனைக் களையாது போற்றுகின்றனர். பொதியிலென்று பெயர் பெற்றதன்மீது எல்லைக்கல் நட்டு வழக்காடுவோர், அச்சொல்லின் பொருளை முன்னர் உணர்ந்து வருவாராக.