பதினெட்டு ஆனதும் சிகிச்சை முடிந்துவிடுமா?

மூளை முடக்குவாதத்தில், மூளைக்கு நேர்ந்த பாதிப்பு வயதோடு கூடுவதில்லை. ஆனால் உடம்பு மாறிக்கொண்டே போகிறது. எலும்பு வளரும் வேகத்துக்கு இறுகிய தசை ஈடுகொடுக்காது. பலருக்கு இடுப்பு மூட்டு கொஞ்சம் கொஞ்சமாக விலகலாம், முழங்கால் மடங்கியே நிற்கலாம், முதுகெலும்பு வளையலாம். பத்து வயதில் சுவரைப் பிடித்து நடந்த பிள்ளை, உயரமும் எடையும் கூடிய பிறகு இருபதில் வலி தாங்காமல் உட்கார்ந்துவிடுவது இதனால்தான்.

எலும்பு மருத்துவரின் கவனம் தொடர்ந்து வேண்டிய அந்த வயதில்தான் நம் ஏற்பாடுகள் கைவிடுகின்றன. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்துக்கு 18 வயதுதான் எல்லை. வட்டார வள மையத்துப் பிசியோதெரபியும் பள்ளி வயதோடு சரி. அதன்பின் பெரம்பலூர் மாவட்டத்து எறையூர்ப் பக்கத்துத் தாய் ஒருவர், தன்னைவிட உயர்ந்துவிட்ட மகனைத் தாங்கியபடி பெரம்பலூருக்குப் பஸ் ஏற வேண்டும், அங்கிருந்து திருச்சிக்கு. புதிய மருத்துவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். பழைய எக்ஸ்ரே பெரும்பாலும் கையில் இருக்காது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மூளை முடக்குவாதத்தைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அந்த உரிமை பதினெட்டோடு காலாவதி ஆவதில்லை. பதினாறு வயதிலேயே குழந்தைகள் பிரிவு மருத்துவர், பெரியவர்களுக்கான எலும்புப் பிரிவிடம் பிள்ளையை முழுக் குறிப்போடு ஒப்படைக்கத் தொடங்க வேண்டும். பெரம்பலூர் தலைமை மருத்துவமனையும் 2022-இல் திறக்கப்பட்ட அரியலூர் மருத்துவக் கல்லூரியும் மாதம் ஒருநாள் இந்த இளைஞர்களுக்கென ஒதுக்கினாலே திருச்சிப் பயணம் பலருக்கு மிச்சமாகும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபிஸ்ட்டின் பட்டியலில் இவர்கள் ஒருவர் விடாமல் இடம்பெற வேண்டும்.

குடும்பத்துக்கும் பங்குண்டு. 'இனி இவ்வளவுதான்' என்று பயிற்சியை விட்டுவிடுவதும், வலியை வழக்கமென்று ஒதுக்குவதும் கூடாது.

இன்னொன்று, எறையூருக்கே உரியது. கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்டிக் ஸ்பிளிண்ட் கடையில் கிடைக்கும் ஷூவுக்குள் நுழையாது. ஒரு காலுக்கு ஆறாம் அளவு, மறுகாலுக்கு எட்டாம் அளவு என்றால் இரண்டு ஜோடி வாங்கி ஒவ்வொன்றிலும் ஒன்றை வீசத்தான் வேண்டும். எறையூர் சிப்காட்டிலேயே காலணிப் பூங்கா இருக்கிறது. வாய் அகன்ற ஷூக்களை, காலுக்கு ஓர் அளவாகச் செய்து தருவதை அங்குள்ள நிறுவனங்கள் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து தொடங்கலாம். யாருக்கு என்ன அளவு என்ற பட்டியலைக் கிராம சபை எடுத்துக் கொடுக்கட்டும்.