மயினியின் காருக்கு எந்த எண்ணெய்?

கோட்டாற்றிலிருந்து மயினி போன் செய்தாள்.

"மக்கா, வார சனிக்கிழமை ஒரு நடை வந்துட்டுப் போ. வண்டிக்கு எண்ணெய் மாத்தணுமாம். ஆளுக்கு ஒண்ணு சொல்லுகாவ. எனக்குத் தலை சுத்துது."

மயினி என்றால் அண்ணன் மனைவி. நாஞ்சில் நாட்டுக்கு வெளியே இருக்கும் வாசகிகள் அண்ணி என்றோ மன்னி என்றோ வைத்துக் கொள்ளலாம். பத்திரிகையில் வேலை பார்க்கிறவர்களுக்குச் சகல விஷயமும் தெரியும் என்று உறவுக்காரர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனம் வருவதில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து என்ஜின் எண்ணெயைப் பற்றிப் படித்து வைத்துக் கொண்டு ரயில் ஏறினேன். நாகர்கோவில் சந்திப்பு ஸ்டேஷன் இருப்பதே கோட்டாற்றில்தான். இறங்கிய பத்தாவது நிமிஷத்தில் மயினி வீட்டு வாசலில் இருந்தேன்.

வாசலில் கார் நின்றது. கல்யாணப் புடவையை மடித்து வைப்பது போல அதற்கு ஓர் உறை போட்டு மூடியிருந்தாள். அண்ணனுக்கு மஸ்கட்டில் வேலை. போன விடுமுறையில் வந்தபோது கடன் போட்டு வாங்கிக் கொடுத்த வண்டி அது. அவன் விமானம் ஏறுவதற்குள் மயினி லைசென்ஸும் வாங்கிவிட்டாள். அதெல்லாம் நடந்து பதினொரு மாதம் ஆகிறது. வண்டி ஓடியிருப்பது 3,100 கிலோமீட்டர்.

"எங்கெல்லாம் போறீங்க, மயினி?"

"பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல விடணும். கம்போளத்துக்குப் போவேன். ஞாயிற்றுக்கிழமை நாகராஜா கோவில். அவ்வளவுதான். தூரமா கொண்டு போகப் பயம். என்னமாச்சும் ஆச்சுன்னா? உங்க அண்ணன் அங்க வெயில்ல நின்னு மாசாமாசம் பணம் கட்டுகாவ."

பயம் எண்ணெயைப் பற்றியது மட்டுமில்லை என்று எனக்கு அப்போதே தோன்றியது.

கம்பெனியிலிருந்து போனில் செய்தி வந்திருந்தது: ஒரு வருஷம் ஆகப் போகிறது, முதல் எண்ணெய் மாற்றத்துக்கு வண்டியைக் கொண்டு வரவும். மயினி இதை நாலு பேரிடம் சொல்லியிருக்கிறாள். நாலு அபிப்பிராயம் வந்து சேர்ந்திருக்கிறது.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி முப்பது வருஷம் அம்பாஸடர் வைத்திருந்தவர். "ஆயிரம் கிலோமீட்டரிலேயே மாத்தியிருக்கணும், தப்புப் பண்ணிட்டியே தாயி! இனியாவது நல்ல கட்டி எண்ணெயாப் பார்த்து ஊத்து. நம்ம ஊர் வெயிலுக்குத் தண்ணி மாதிரி எண்ணெய் தாங்காது" என்கிறார். மயினியின் தம்பி, "முதல் தடவை சாதா எண்ணெய்தான் போடணும். சிந்தெடிக் போட்டால் என்ஜின் பழகாது" என்கிறான். உதிரிச் சாமான் கடைக்காரர், "இருப்பதிலேயே விலை கூடினதைப் போடுங்க, கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம்" என்கிறார். மஸ்கட்டிலிருந்து அண்ணன், "பத்தாயிரம் ஓடட்டும். இப்போ என்ன அவசரம்?" என்கிறான்.

"இதுல யாரு சொல்லுகது சரி?" என்று கேட்டாள் மயினி.

"வண்டி கூட ஒரு புத்தகம் கொடுத்திருப்பாங்களே, அது எங்கே?" என்றேன்.

முன் ஸீட்டுக்கு எதிரே உள்ள பெட்டியில், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், அது பத்திரமாக இருந்தது! பிரித்துப் பார்த்தோம். எண்ணெய்ப் பக்கத்தில் மூன்றே மூன்று சங்கதிகள். 0டபிள்யூ-20 என்று ஓர் எண். ஏ.பி.ஐ. எஸ்.பி. என்று சில எழுத்துக்கள். பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும் என்று ஒரு கெடு.

நாலு பேருக்கும் பதில் அந்த ஒரு பக்கத்தில் இருந்தது. ஆனால் பதில் மட்டும் தெரிந்தால் போதுமா? அண்ணாச்சிக்குக் காரணமும் சொல்ல வேண்டாமா? அடுப்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

முதலில் எண். இது எண்ணெயின் பாகுப் பதத்தைச் சொல்வது. டபிள்யூ என்பது குளிர்காலத்துக்கான ஆங்கில எழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண் குறையக் குறைய, குளிரில் எண்ணெய் இளகி ஓடும். பூஜ்யம் போட்ட எண்ணெயை உறைநிலைக்குக் கீழே 35 டிகிரியில் வைத்துச் சோதிக்கிறார்கள். பின்னால் உள்ள எண், 100 டிகிரிச் சூட்டில் அது எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதைக் காட்டும். 20, 30, 40 என்று ஏற ஏற அதிகக் கெட்டி.

"கோட்டாத்துல ஏது மக்கா பனி? அந்த முதல் நம்பர் நமக்கு எதுக்கு?" என்றாள் மயினி. நல்ல கேள்வி. காலையில் வண்டியைக் கிளப்பும்போது நமக்கு வெயிலாக இருந்தாலும் என்ஜினுக்கு அது குளிர்தான். 100 டிகிரியில் இருக்கும் பதத்தைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு கெட்டியாக 40 டிகிரியில் இதே எண்ணெய் இருக்கும். அண்ணாச்சி சொல்லும் 20டபிள்யூ-40 அதைவிட இரண்டு பங்குக்கு மேல் கெட்டி. கிளப்பிய முதல் சில விநாடிகளில் எண்ணெய் அடியிலிருந்து உச்சி வரை ஏறியாக வேண்டும். உலோகத்தோடு உலோகம் உரசித் தேய்வது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். இளகின எண்ணெய் சீக்கிரம் போய்ச் சேரும்.

வெயில் விஷயமும் அப்படித்தான். ஓடுகிற என்ஜினின் சூட்டை ஏறக்குறைய ஒரே அளவில் வைக்க உள்ளேயே ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. கோட்டாறானாலும் காஷ்மீரானாலும் சூடேறிய பிறகு வித்தியாசம் சொற்பம். இன்றைய என்ஜின்களில் உறுப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி மிக நுணுக்கமானது. வால்வுகள் திறக்கும் நேரத்தைக்கூடப் பல வண்டிகளில் எண்ணெயின் அழுத்தம்தான் மாற்றித் தருகிறது. அங்கே கட்டி எண்ணெய் ஊற்றினால் பெட்ரோல் செலவு கூடும். சில உறுப்புகள் சுணங்கும். சில கம்பெனிகளின் புத்தகத்தில் இரண்டு மூன்று எண்களுக்கு அனுமதி உண்டு. அப்படி இருந்தால் அவற்றுக்குள் எதையும் தேர்ந்தெடுக்கலாம்.

அதற்காக அண்ணாச்சி சொல்வது பொய் என்று நினைக்க வேண்டாம். அவர் அம்பாஸடர் ஓட்டிய காலத்தில் அது சத்தியம். 1958-ல் வந்து 2014-ல் உற்பத்தி நின்ற வண்டி அது. அதன் மூல வடிவம் இங்கிலாந்து தேசத்து மாரிஸ் ஆக்ஸ்போர்டு. அந்தக் காலத்து என்ஜின்களில் கடைசல் வேலை இன்றைக்குப் போல மழமழவென்று இராது. புதிதில் உறுப்புகள் ஒன்றோடொன்று தேய்ந்து பழகும். அந்த உலோகத் தூள் எண்ணெயில் இறங்கும். ஆகவே முதல் 500 மைலிலேயே எண்ணெயை வடித்துவிடுவார்கள். "புது வண்டி, முந்திச் செல்லவும்" என்று பின்னால் எழுதி ஒட்டிக் கொண்டு மெள்ளப் போவார்கள். இன்றைக்கு அந்தத் தேய்மானம் வெகுவாகக் குறைந்துவிட்டது. முதல் ஆயிரம் கிலோமீட்டர் நிதானமாக ஓட்டு என்று மட்டும் பல புத்தகங்கள் சொல்கின்றன. மயினியின் வண்டியை ஆயிரத்தில் கம்பெனியார் சோதித்துப் பார்த்து, எண்ணெயை மாற்றாமலே அனுப்பியதும் இதனால்தான்.

"விளக்கெண்ணெய் ஊத்தினாக்கூட ஓடிருமோ?" என்று மயினி சிரித்தாள். அவள் வேடிக்கைக்குத்தான் கேட்டாள். ஆனால் நிஜமாகவே ஊற்றியிருக்கிறார்கள்! முதல் உலக யுத்தத்தில் பறந்த விமானங்கள் பலவற்றின் என்ஜினுக்கு விளக்கெண்ணெய்தான் போட்டார்கள். 1909-ல் லண்டன் வேக்பீல்டு கம்பெனியார் ஆமணக்கு எண்ணெய் கலந்த ஒரு தினுசுக்கு, அதன் ஆங்கிலப் பெயரை ஒட்டிக் 'காஸ்ட்ரால்' என்று பெயர் வைத்தார்கள். சூட்டைத் தாங்கும், ஆனால் நாளடைவில் பிசினாய் ஒட்டும் என்பது விளக்கெண்ணெயின் குறை.

தம்பியின் கட்சி அடுத்தது. சிந்தெடிக் எண்ணெயில் பெரும்பகுதி பூமியிலிருந்து எடுக்கும் அதே கச்சா எண்ணெயைக் கடுமையாகச் சுத்தி செய்து, மூலக்கூறுகளை உடைத்துச் சீராக்கியதுதான். 0டபிள்யூ-20 போன்ற இளகின பதத்தைச் சாதா எண்ணெயில் கொண்டு வருவது கஷ்டம். அதனால் இப்படிப்பட்ட வண்டிகளுக்குத் தொழிற்சாலையிலேயே சிந்தெடிக் ரகம்தான் ஊற்றி அனுப்புகிறார்கள். பிறந்த நாளிலிருந்து சாப்பிடுகிற உணவைப் பழகவில்லை என்று சொன்னால் எப்படி?

கடைக்காரரின் "விலை கூடினது" என்ன ஆயிற்று? இங்கேதான் எழுத்துக்கள் வருகின்றன. ஏ.பி.ஐ. என்பது அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம். எஸ் என்று தொடங்கினால் பெட்ரோல் என்ஜினுக்கு. சி என்று தொடங்கினால் டீசலுக்கு. எஸ்.பி. ரகம் 2020-ல் வந்தது, 2025-ல் எஸ்.க்யூ. வந்திருக்கிறது. சிறிய டர்போ பெட்ரோல் என்ஜின்களில், பொறி தட்டுவதற்கு முன்பே எரிவாயு தானாக வெடித்து பிஸ்டனை உடைக்கிற ஒரு கோளாறு உண்டு. அதைத் தடுக்கும்படி எண்ணெயில் கலக்கும் மருந்துகளைத் திருத்தி எஸ்.பி. ரகத்தை அமைத்தார்கள். ஆகவே புத்தகம் கேட்பதைவிடப் பழைய ரகத்தை ஊற்றக் கூடாது. புதிய ரகம் ஊற்றலாம். டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி வந்த பிறகு, புகைக்கரியைப் பிடிக்கும் சல்லடை டீசல் கார்களில் இருக்கிறது. சாம்பல் குறைந்த எண்ணெய் போடாவிட்டால் அது அடைத்துக் கொள்ளும். எண்ணும் எழுத்தும் பொருந்தி, நல்ல கம்பெனிச் சரக்காக, சீல் உடையாத டப்பாவாக இருந்தால் போதும். அதற்கு மேல் கொடுக்கும் விலையால் என்ஜினுக்குப் பெரிய லாபமில்லை.

கடைசியாக அண்ணன். நாலு பேரில் மயினி அதிகம் நம்பியது அவன் பேச்சைத்தான். விபரீதமும் அதில்தான் இருந்தது! ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விடும். கொஞ்சம் ஆவியும், எரியாத பெட்ரோலும் கீழே எண்ணெயில் இறங்கும். என்ஜின் நன்றாகச் சூடேறி அரை மணி ஓடினால் அவை தாமாகவே ஆவியாகிப் போய்விடும். இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்தினால் எங்கே சூடேறுவது? நாளுக்கு நாள் ஈரம் சேரும். எண்ணெய் கெடும். ஆகவே குறைவாக ஓடுகிற வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது. காலண்டரைப் பார்த்து மாற்ற வேண்டும். வெறும் குட்டிப் பயணமே போகும் வண்டிக்கு இன்னும் சீக்கிரமே மாற்றச் சொல்லித் தனிப் பக்கம் போடும் புத்தகங்களும் உண்டு.

மயினி சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்போ பத்திரமா வச்சிருக்கேன்னு நினைச்சு நான்தான் கெடுத்துக்கிட்டு இருக்கேனா?" என்றாள்.

"கெடவில்லை, மயினி. கெடுவுக்குள்ளேதானே இருக்கோம்" என்றேன்.

திங்கட்கிழமை இருவரும் போனோம். மயினி ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தாள்: எண், எழுத்து, எத்தனை லிட்டர், புது பில்டர், வடிகால் திருகுக்குப் புது வாஷர். எண்ணெய் டப்பாவைக் கண்ணெதிரே திறக்கச் சொன்னாள். அங்கிருந்த பையன், "என்ஜினைக் கழுவ ஒரு மருந்து இருக்கு, எண்ணெயில சேர்க்க இன்னொண்ணு இருக்கு, போட்டுரலாமா அக்கா?" என்றான். "புத்தகத்துல இல்லையே, தம்பி" என்றாள் மயினி. பையன் மறுபேச்சுப் பேசவில்லை. பில்லில் எண்ணெயின் எண்ணையும் எழுத்தையும் எழுதி வாங்கிக் கொண்டாள். நாளைக்கு என்ஜினில் கோளாறு என்று வாரண்டி கேட்கப் போனால், பேசப் போவது அந்தக் காகிதம்தான். வடித்த பழைய எண்ணெயை அங்கேயே விட்டுவிட்டோம். அது ஆபத்தான கழிவு. அங்கீகாரம் பெற்ற மறுசுத்திகரிப்புக்காரரிடம் போக வேண்டியது. கரையானுக்கு அடிக்கிறேன், மரத்துக்குப் பூசுகிறேன் என்று வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். ஓடையிலும் கொட்டாதீர்கள்.

மறுநாள் காலை, சமதரையில் நின்ற வண்டியில், அளவுக் கம்பியை மயினியே உருவினாள். பழைய வேஷ்டித் துணியால் துடைத்து, மறுபடி செருகி எடுத்தாள். இரண்டு கோட்டுக்கும் நடுவே, மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே, தேன் நிறத்தில் எண்ணெய் நின்றது. மேல் கோட்டைத் தாண்டினாலும் நல்லதல்ல, நுரைத்துக் கெடுக்கும். மாதம் ஒரு தடவை இப்படிப் பார்த்தால் போதும்.

"வாரத்துல ஒரு நாளாவது அரை மணி நேரம் ஓடணும்னு சொன்னேல்லா? கன்னியாகுமரி எவ்வளவு தூரம்?"

"இருபது கிலோமீட்டர்."

"ஏறு வண்டியில."

உறையை மடித்து உள்ளே போட்டுவிட்டுக் கிளப்பினாள். முதல் ஐந்து கிலோமீட்டர் இருவரும் பேசவில்லை. அதற்குப் பிறகு மயினி பேச ஆரம்பித்தவள் கடலைப் பார்க்கும் வரை நிறுத்தவில்லை. அங்கே நிற்கும்போது மஸ்கட்டிலிருந்து போன் வந்தது.

"காத்துச் சத்தமா கேக்கே, எங்க நிக்க?"

"கன்னியாகுமரியில."

"வண்டி யாரு ஓட்டினா?"

"எண்ணெய் பார்த்தது யாரோ, அவளேதான்" என்றாள் மயினி.