ஆண்டறிக்கையும் ஆய்வுச் சான்றும்: நிகழ்கலை நிறுவனங்களை முன்வைத்து ஒரு கருத்துரை

நிகழ்கலை நிறுவனங்களின் ஆண்டறிக்கை பெரும்பாலும் நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை, வரவு செலவு, சிறப்பு விருந்தினர் பெயர்கள் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. நிகழ்ந்தவுடன் மறைந்துவிடும் கலைக்கு இவ்வடிவம் போதாது. பின்வரும் ஆய்வாளர்க்கு முதன்மைச் சான்றாக நிற்கும் வகையில் ஆண்டறிக்கை அமைய வேண்டும் என்பதே இக்கருத்துரையின் நிலைப்பாடு.

இதன் தேவையை மதுரை நாடக வரலாறே உணர்த்துகிறது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தார். அச்சபையின் பயிற்சி முறையையும் அன்றாட இயக்கத்தையும் அறிய இன்று நாம் பெரிதும் நாடுவது, அங்குச் சிறுவராகச் சேர்ந்த தி.க. சண்முகம் பிற்காலத்தில் எழுதிய ‘எனது நாடக வாழ்க்கை’ நூலையே. அந்நூல் அரியது, ஆயினும் நினைவுகூர்தல், ஆண்டுதோறும் எழுதப்பெறும் பதிவுக்கு ஈடாகாது. சுவாமிகள் இயற்றிய நாடகங்களின் தொகையே நூலுக்கு நூல் வேறுபடுகிறது.

இசைத்துறையில் நிலைமை வேறு. சென்னை மியூசிக் அகாதெமி 1930இல் தொடங்கிய ஆய்விதழில் ஆண்டு மாநாட்டு உரைகளும் வல்லுநர் குழு விவாதங்களும் பதிவாயின. இராக இலக்கணம் பற்றிய முடிவுகளை மட்டுமன்றி, கருத்து வேறுபாடுகளையும் அவற்றின்வழி அறிய முடிகிறது.

மதுரை வட்டார ஸ்பெஷல் நாடகத்திற்கு இம்முறையை அப்படியே பொருத்த இயலாது. அதில் நிலையான குழு இல்லை. நடிகர்கள் தனித்தனியே ஒப்பந்தமாகி, ஒத்திகையின்றி மேடையில் கூடுகின்றனர். ‘வள்ளி திருமணம்’ நாடகத்தின் தர்க்கம் இரவுக்கு இரவு மாறுபடும். எனவே ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் எனக் கலைஞர் பெயர்களைத் தாங்கிவரும் நாடக நோட்டீஸே இங்கு அடிப்படை ஆவணம்.

கே.கே. நகரை ஒட்டிய ராஜா முத்தையா மன்றம் முதல் ஊர்த் திருவிழா மேடை வரை நிகழ்ச்சி நடத்துவோரின் ஆண்டறிக்கையில் நான்கு கூறுகள் இடம்பெற வேண்டும்: நிகழ்த்தப்பட்டவை, பக்கவாத்தியக்காரர் உள்ளிட்ட கலைஞர் அனைவர் பெயர், அவ்வாண்டு புகுந்த மாற்றங்கள், வழக்கொழிந்த பாடல்களும் காட்சிகளும். இவற்றுள் இறுதிக்கூறே இன்றியமையாதது. மறைவது பதிவாகாவிடின் மறைந்ததே தெரியாமற் போகும்.

சிறிய சங்கங்களுக்கு இதற்கான பொருள்வசதி இல்லை எனலாம். உண்மையே. ஆனால் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் களப்பணியின் ஒரு பகுதியாக இப்பணியை ஏற்கலாம். கலைஞரிடம் தரவு பெற்றுச் செல்லும் நாம், அவர்தம் சங்கத்திற்கு ஆண்டுக்கு ஓர் அறிக்கையேனும் எழுதித் தருவது கைம்மாறன்று, கடன்.