உம்மா கண்ட கஃபா

சென்ற மாதம் ஒரு சகோதரர் என்னைத் தேடி வந்தார். "ஹஸரத், உம்மாவுக்கு 78 வயது. படுத்த படுக்கை. மகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கண்ணில் மாட்டும் கருவியில் கஃபாவைக் காட்டினோம். 'லப்பைக்' சொல்லி அழுதுவிட்டார். இனி அவருடைய ஹஜ் கடமை நீங்கிவிட்டதுதானே?" என்று கேட்டார்.

அந்தத் தாயின் கண்ணீரை நாம் குறைத்து மதிக்கலாகாது. அக்கருவி இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரு படங்களைக் காட்டுகிறது. தலை திரும்பும் பக்கம் காட்சியும் திரும்புகிறது. அதனால் உடலே நம்பிவிடுகிறது. அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சுமார் 20 அடி ஆழமான குழியின் விளிம்பில் நிற்பது போன்ற காட்சியைக் காட்டி இதயத் துடிப்பை அளந்து, முடிவை 2002 இல் வெளியிட்டனர். குழி பொய்யென்று தெரிந்திருந்தும் துடிப்பு உயர்ந்தது. நொடிக்கு 15 படங்கள் காட்டியதைவிட 30 படங்கள் காட்டியபோது மேலும் உயர்ந்தது. காலடியில் ஒன்றரை அங்குலப் பலகை வைத்து விளிம்பை உணரச் செய்தபோதும் அப்படியே. தலையசைவுக்குக் காட்சி பிந்தினாலோ அவ்வுணர்வு குலையும். சிலருக்குத் தலையும் சுற்றும்.

சிந்தித்துப் பாருங்கள். படங்களின் எண்ணிக்கையால் கூடிக் குறையும் ஓர் உணர்வு, அல்லாஹ் விதித்த கடமைக்கு ஈடாகுமா? இஹ்ராம், அரஃபாவில் தரித்தல், தவாஃப், ஸஃயு யாவும் உரிய இடத்தில் உடலால் செய்யும் அமல்கள். 2021 டிசம்பரில் சவூதி அரேபியா ஹஜருல் அஸ்வதை இவ்வாறு காட்டும் திட்டத்தைத் தொடங்கியபின், இது ஹஜ்ஜாகாது என 2022 இல் துருக்கியின் மார்க்க விவகாரத் தலைமையகம் தெளிவுபடுத்தியது.

ஹஜ்ஜுக்குச் செல்வோர் அமல்களின் ஒழுங்கைப் பழகிக்கொள்ள இக்கருவி உதவும். அதில் குற்றமில்லை.

"உம்மாவுக்கு வசதி உண்டா?" என்று கேட்டேன். அவர் பெயரில் ஒரு காணி இருப்பதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

குணமடையும் நம்பிக்கையற்ற நோயாளி வசதியுள்ளவராயின், தம் சார்பில் ஒருவரை ஹஜ்ஜுக்கு அனுப்புவது ஷாபிஈ மத்ஹபின்படி கடமையாகும். செல்பவர் தம்முடைய ஹஜ்ஜை முன்னரே முடித்திருக்க வேண்டும். வாகனத்தில் அமரவும் இயலாத முதிய தந்தைக்காக ஹஜ் செய்யலாமா என்று கேட்ட கஸ்அம் கோத்திரத்துப் பெண்ணுக்கு நபி (ஸல்) அவர்கள் அனுமதி வழங்கினார்கள்.

சகோதரர்களே, பெற்றோருக்குக் கஃபாவைக் காட்டி மகிழ்வியுங்கள். ஆனால் அந்த மகிழ்ச்சியைக் காட்டி அவர்களின் கடமையை மறைத்துவிடாதீர்கள். அந்தக் காணி இன்று உம்மாவுடையது, நாளைதான் வாரிசுகளுடையது.